வாளியை ஒரு தடவை தட்டினால்

எரிந்த கேரவனின் ஜெனரேட்டர் அறையை யார்டில் வைத்துத் திறந்தபோது நாங்கள் நான்கு பேர் இருந்தோம். வண்டிகளின் முதலாளி பாய், டிரைவர் செல்வம், சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த மெக்கானிக், கணக்கு எழுதும் நான். கஸ்தூரி அக்கா அங்கே இல்லை. கேரவன்களைக் கழுவித் துடைப்பவர் அவர்தான். இரண்டு கைகளிலும் கட்டோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். ஜெனரேட்டர் ஆப்ரேட்டரும் இல்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஓடிட்டான்," என்றார் பாய்.

செல்வம் டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தான்.

மெக்கானிக் சைலன்சருக்குப் பின்னால் இருந்த தகட்டைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரை விட்டு நோண்டினார். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு மெத்தை பாதி கருகியும் பாதி அப்படியேயும் பிய்ந்து வந்தது. அதோடு மேக்கப் துடைத்துப் போட்ட டிஷ்யூ, முறுக்குப் பாக்கெட், ஏதோ நடிகையின் புடவையிலிருந்து வந்த ஜரிகைத் துண்டு, ஒயர்களின் தோல், கை நிறைய எலிப் புழுக்கை. கடைசியாக டீசல் குழாயின் மிச்சத்தை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ரப்பரில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது.

"எலி குடும்பமே நடத்தியிருக்குது சார். இது ஒரு நாள் வேலை இல்ல. டீசல் கசிஞ்சு பஞ்சுல ஊறி, சைலன்சர் சூட்டுல புடிச்சிகிச்சு. தெனம் காலைல இத செக் பண்றது யாரு?"

தகட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதை மூக்கால் பார்க்கிற ஒரே ஒரு ஆள் எங்களிடம் இருந்தார், அந்த ஆப்ரேட்டர். அந்த மூக்கு செத்துப்போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது பாய்க்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவரைத் தவிர ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் யார்டு கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டிகள் நிற்கும் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போகும் கேரவன்கள் அங்கேதான் நிற்கும். ஒவ்வொன்றும் பஸ் நீளம். உள்ளே மெத்தை, கண்ணாடி, கழிப்பறை, ஏசி. அந்த ஏசிக்கு உயிர் கொடுப்பது வண்டியின் பின்புறம், படுக்கை அறைக்குக் கீழே பெட்டி போல அடைத்து வைத்திருக்கும் ஜெனரேட்டர். கூட்ஸில் அரிசி மூட்டை இறங்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சம் இருக்காது. மழை வந்து சாக்கடை நிரம்பினால் அவை மேட்டைத் தேடும். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் கேரவன்தான்.

விஷம் வைத்தால் என்ன என்று நான் கேட்டதுண்டு. விஷம் தின்ற எலி உள்ளேயே எங்காவது போய்ச் சாகும். ஏசி அந்த நாற்றத்தை இழுத்து அறைக்குள் விடும். ஒரு முறை அப்படி நடந்து, ஒரு நடிகை வாந்தி எடுத்து, அன்றைய வாடகையே போயிற்று. அதற்குப் பிறகு யார்டில் விஷம் கூடாது என்று பாய் சொல்லிவிட்டார். கம்பி வலை அடித்தோம். புகையிலையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டோம். காற்று போக வேண்டிய ஓட்டைகளை முழுக்க அடைக்க முடியாதே. ஆகவே மிச்சம் இருந்த ஒரே காவல் ஆப்ரேட்டரின் மூக்கு.

அவர் கல்மண்டபத்துக்காரர். குள்ளம். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, சப்பை மூக்குதான். மோந்து பார்ப்பதற்கு முன்னால் தோளில் கிடக்கும் துண்டால் அதை இரண்டு பக்கமும் துடைத்துக்கொள்வார், கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியைத் துடைப்பது போல. பிறகு கண்ணை மூடிக்கொள்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னையும் அப்படித்தான் மோந்து பார்த்தார்.

"நேத்து உங்கூட்ல நெத்திலி கருவாடு. ரயில்ல வந்துகீற, பஸ்ஸு இல்ல. சட்ட புதுசு, இன்னும் கட வாசன போவல."

எல்லாம் சரி. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போனவன் நான் ஒருவன்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அந்தச் சட்டையை வாங்கித் தந்து, கருவாட்டு வாசனை பட்டுவிடக் கூடாது என்று அம்மா அதைத் தனியே மாட்டி வைத்திருந்தார்.

"பயந்துக்காத நைனா," என்றார் ஆப்ரேட்டர். "சட்ட ரொக்கமா கடனாங்கறது மூக்குக்குத் தெரியாது."

எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மோந்து பாத்தியா?" செல்வத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும் அதையே கேட்டார். "யோவ், பொண்ண மோந்து பாத்தா அடிப்பாங்கய்யா," என்றான் செல்வம். "பொண்ண இல்லடா, மாமனார. குடிகாரனா இல்லியான்னு தெரிஞ்சிக்க வேணாமா?" செல்வத்தின் மாமனார் உண்மையில் குடிகாரர்தான். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது.

பெட்ரோல் பங்கிலிருந்து டீசல் வந்தால் மூடியைத் திறந்து ஒரு மோப்பம். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கேனை எட்டி உதைப்பார். செத்த எலியை மூன்று பேர் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கும்போது, வண்டிக்குள் ஒரு நடை நடந்து ஒரு பலகையைத் தட்டி, "தோ, இங்க படுத்துகீது தொர," என்பார். பலகையைக் கழற்றினால் அங்கேதான் கிடக்கும்.

ஜெனரேட்டரோடு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வந்திருந்தது. அதில் எலி பற்றி ஒரு பக்கமே இருந்தது: ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்னும் பின் தகட்டைக் கழற்றிக் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் அதைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தகட்டக் கழட்டி மாட்றதுக்குள்ள அங்க ஷாட்டே முடிஞ்சிரும் நைனா. புக்கு எழுதுனவன் ஊர்ல எலி டைம் குடுக்கும் போல கீது." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கஸ்தூரி அக்காவுக்கும் அவருக்கும் இருந்த உறவைச் சொல்ல வேண்டும். அக்கா புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து வருபவர், கணவர் இல்லை. வேலைக்கு வந்த புதிதில் ஒரு நடிகையின் மோதிரம் காணாமல் போயிற்று. எல்லோர் கண்ணும் துடைப்பத்தோடு நின்ற அக்கா மேல்தான் போயிற்று. ஷூட்டிங் மேனேஜர் போலீசைக் கூப்பிடப் போனார். ஆப்ரேட்டர் நடுவில் வந்து, துண்டால் மூக்கைத் துடைத்து, அக்காவைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இந்தப் பொண்ணு மேல பினாயில் வாசன கீது, வெத்தல வாசன கீது. திருட்டு வாசன இல்ல. வாஷ்பேசின் பைப்பக் கழட்டுங்க."

அவர் சொன்ன விதத்தில் அந்த மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பைப்பைக் கழற்றினார்கள். வளைவில் சோப்பு அழுக்கோடு மோதிரம் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கி நடிகையின் முன்னால் நீட்டிய ஆப்ரேட்டர், "கழுவிப் போட்டுக்கம்மா, கலீஜா கீது," என்றார். நடிகை மன்னிப்பு கேட்கவில்லை. அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து தன் டிபன் பாக்ஸைத் திறந்ததும் முதல் கரண்டியை ஆப்ரேட்டர் தட்டில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

பிறகு கொரோனா வந்தது. ஆப்ரேட்டருக்கும் வந்தது. ஷூட்டிங் திரும்பத் தொடங்கியபோது இளைத்துப்போய் வந்தார். பழையபடி துண்டால் மூக்கைத் துடைத்தார், கண்ணை மூடினார், ஜெனரேட்டர் கதவில் குனிந்தார். முன்பைவிட அதிக நேரம் குனிந்து நின்றார். கஸ்தூரி அக்கா பக்கத்தில் மாப்பைப் பிழிந்துகொண்டிருப்பார். பிழிந்து முடித்து வாளியைத் தரையில் தட்டுவார். டங். ஆப்ரேட்டர் நிமிர்ந்து, "ஓட்டு," என்பார். போகப் போகச் சில நாள் டங் டங் என்று கேட்கும். அப்போது அவர் கண்ணைத் திறந்து, "தகட்டக் கழட்டுடா, உள்ள விருந்தாளி கீறான்," என்பார். கழற்றினால் புதுக் கூடு இருக்கும். "ஆண்டவன் குடுத்த மூக்குய்யா," என்று பாய் மற்ற கம்பெனிக்காரர்களிடம் பெருமையடிப்பார்.

ஒரு நாள் காலையில் மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பியது. எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் காற்று சில நாள் எதையாவது சுமந்துகொண்டு வரும். அன்று வந்தது கண்ணில் எரிந்தது. தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பி ஓடினார்கள். பாய் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஆப்ரேட்டர் யார்டின் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வடையைச் சட்னியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"இன்னாடா அல்லாரும் மூஞ்ச மூடிகினு கீறீங்க? எவனாவது பூட்டானா?"

"யோவ், உள்ள வாய்யா! நாத்தம் தாங்கல, நீ நாஸ்தா துன்னுகினு கீற!" என்று கத்தினான் செல்வம்.

அவர் ஒரு நொடி செல்வத்தைப் பார்த்தார். பிறகு அவசரமாகத் துண்டை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். "நமக்கெல்லாம் பழகிப் பூட்ச்சிடா," என்றார். கெட்டியான மனிதர், எப்படித் தாங்குகிறார் பார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கஸ்தூரி அக்கா மட்டும் எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

தீப்பிடித்த அன்று ஷூட்டிங் எண்ணூரில், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். பெரிய மழை விட்டிருந்த நேரம். வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் கலந்து வந்து, படகுகளின் வயிற்றிலும் கரை மண்ணிலும் கறுப்பாக அப்பியிருந்தது. மீன்காரர்கள் வலையைத் தொடவில்லை. ஊரே எண்ணெய் நாற்றம் அடித்தது. வாடகை செக் வாங்குவதற்காக நானும் வண்டியோடு போயிருந்தேன்.

ஆப்ரேட்டர் ஜெனரேட்டர் கதவைத் திறந்து குனிந்தார். கஸ்தூரி அக்கா பக்கத்தில் வாளியோடு நின்றார். வழக்கத்தைவிட நேரமாயிற்று. அக்கா ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு ஜெனரேட்டர் பக்கம் முகத்தைக் கொண்டுபோனார், மறுபடி ஆற்றைப் பார்த்தார். வாளியைத் தட்டினார். ஒரு தடவை.

"ஓட்டு," என்றார் ஆப்ரேட்டர்.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. நடிகர் வருவதற்குள் தரையைத் துடைக்க அக்கா பின் அறைக்குள் போனார். நாங்கள் டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றோம். ஆப்ரேட்டர் வண்டிக்கு மிக அருகில், முதுகை அதற்குக் காட்டிக்கொண்டு, கரையில் ஒதுங்கிய கறுப்பைப் பார்த்தபடி டீ குடித்தார். முதலில் லேசாக ரப்பர் கருகும் வாசனை. எனக்கு வந்தது. ஆற்றங்கரையில் யாரோ எதையோ கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். செல்வம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆப்ரேட்டரைப் பார்த்தான். அவர் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தார். அவரே குடிக்கிறார் என்றால் ஒன்றுமில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது.

பிறகு ஒரு லைட்மேன் கத்தினார்.

படுக்கை அறையின் தரையிலிருந்து புகை எழுந்து ஜன்னலை மறைத்துவிட்டது. உள்ளேயிருந்து அக்கா பின்பக்க அவசரக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கதவு ஜெனரேட்டருக்கு நேர் மேலே இருக்கிறது. இரும்பு. தள்ளிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் கேட்டது. ஆப்ரேட்டர் டீ கிளாஸைப் போட்டுவிட்டு முன்வாசல் வழியாகப் புகைக்குள் போனார். தண்ணீர் டிரம்மில் நனைத்த திரைத்துணியில் அக்காவைச் சுற்றி வெளியே கொண்டுவந்து போட்டபோது, அக்காவின் இரண்டு கைகளும் விரித்தபடி நின்றன. மடக்க முடியவில்லை.

தீயை அணைத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் போனது. ஆப்ரேட்டரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மெக்கானிக் கூட்டைக் காட்டிய மறுநாள் நான் ரொட்டியும் இளநீரும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். புகை போன தொண்டையில் அக்காவுக்குக் குரல் கரகரத்தது.

"பாய் இன்னும் அவரத் தேடிகினு கீறாரா?"

"ஓடிட்டாருன்னு சொல்றாங்கக்கா."

"எங்க ஓடுவாரு? தோ, வராண்டால தூணாண்ட குந்திகினு கீறாரு. பொம்பள வார்டுன்னு வாட்ச்மேன் வுடல. வந்த நாள்லேர்ந்து அங்கியேதான். நீ வரும்போது அவரத் தாண்டித்தான் வந்துகீற."

உண்மைதான். சவரம் செய்யாமல், துண்டைத் தலையில் போர்த்தி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்போதுதான் அக்கா சொன்னார். மணலிக் காற்று வீசிய அன்று மதியம், பினாயில் மூடியை ஆப்ரேட்டரின் மூக்கருகே நீட்டி, இது என்ன சொல்லுணா என்று கேட்டாராம். அவர் கண்ணை மூடி, நேரம் எடுத்து, "ரசம்," என்றாராம். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துபோய், "சொல்லிடாதமே," என்றாராம். அதுவரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, யாரும் பார்க்காதபோது தகட்டைக் கழற்றிக் கையை விட்டுத் துழாவிப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் வாளித் தட்டல் அதற்கும் முன்பே தொடங்கியிருந்ததே என்றேன்.

"அது சும்மா வாளில ஒட்டிகினு கீற தண்ணி உதிர்றதுக்குத் தட்னது. அவரு அத்தக் கேட்டு நிமுந்துக்குவாரு, அவ்ளோதான். அதுக்கப்புறம்தான் பேசி வெச்சிகினோம். ஒண்ணு தட்னா ஓட்டலாம். ரெண்டு தட்னா உள்ள எலி. எலி மூத்திரம் எனக்குத் தெரியாதா? எங்க ஹவுசிங் போர்டுல அத்த மோந்துகினுதான படுக்கறோம்."

"ஏங்க்கா அன்னிக்கு ஒண்ணு தட்டுனீங்க?"

அக்கா கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தார்.

"டீசல் நாத்தம் வந்துச்சுப்பா. ஆனா ஆத்துலேர்ந்தும் அதே நாத்தம். எதுலேர்ந்து வருதுன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு தட்டி, தகட்டக் கழட்டி, உள்ள ஒண்ணியும் இல்லன்னா, அவரு மூக்கப் பத்திப் பேச்சு வந்துரும்ல. அதான்."

இதை யாரிடமும் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. ஆப்ரேட்டரே அந்த வாரத்தில் யார்டுக்கு வந்து பாயின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பாய் முதலில் நம்பவில்லை. மேஜையிலிருந்த அத்தர் குப்பியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். ஆப்ரேட்டர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"தெரியல பாய்."

பாய் குப்பியை மூடி வைக்க நேரமாயிற்று. "மூக்கு போனா இன்னாய்யா? எங்கிட்ட சொல்லியிருந்தா கேட்ல குந்த வெச்சிருப்பேனே. சம்பளத்துல கை வெச்சிருப்பேனா?"

"கேட்ல குந்தறவன எவன் பாய் ஆப்ரேட்டர்னு கூப்புடுவான்?"

பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "வண்டி என்னுது, அத்த நான் பாத்துக்கறேன்," என்றார் திரும்பாமலே. எலி செய்த சேதத்துக்குப் பணம் கிடையாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் முதல் நாளே கையை விரித்திருந்தார்கள். "அந்தப் பொண்ணு கைய நீ பாத்துக்க. நாளையிலேர்ந்து வராத."

அக்காவின் வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. உடனே ஆபரேஷன் செய்தால் துடைப்பம் பிடிக்கிற அளவுக்காவது திரும்பும், தள்ளிப்போட்டால் இல்லை என்றார் டாக்டர். பெரியாஸ்பத்திரியில் முறை வரக் காத்திருக்க வேண்டும். தனியாரில் உடனே செய்வார்கள்.

கல்மண்டபத்தில் ஆப்ரேட்டர் இருந்தது லீசு வீடு. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது. காலி செய்தால் அந்தத் தொகை திரும்பி வரும். தன் மகள் கல்யாணத்துக்கென்று அவர் வைத்திருந்ததும் அது ஒன்றுதான். அவர் காலி செய்தார். சடையங்குப்பத்தில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் ஒரு தெருவில், ஓர் அறை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு போனார். சாமான்களை டெம்போவில் ஏற்றும்போது அவருடைய மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அங்க காத்து எப்டிப்பா, நல்லா இருக்குமா?"

தனியார் ஆஸ்பத்திரியின் கவுண்டரில் ஆங்கிலத்தில் பில் இருந்ததால் ஆப்ரேட்டர் என்னையும் கூட்டிப் போனார். ஆபரேஷன் முடிந்து கஸ்தூரி அக்காவின் வலது கை விரல்களில் மூன்று மடங்க ஆரம்பித்திருந்தன; சுண்டுவிரலும் மோதிர விரலும் நீட்டியபடியே நின்றுவிட்டன. பில்லை நான் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். ஆப்ரேட்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மடியிலிருந்த பையை அப்படியே கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். லீசுப் பணம் முழுவதும் அதில் இருந்தது, மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.